4294967297 பகா எண்ணா, இல்லையா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கேள்வி. 4294967297, அதாவது 2³² + 1, பகா எண்ணா? ஆனால் எழுதியிருப்பதைப் படித்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை வைத்து நீங்கள் எழுதிய நிரல் ‘பகா எண்’ என்று சொல்கிறது, வேறோர் இடத்தில் 641 இதை மீதியில்லாமல் வகுக்கும் என்று படித்திருக்கிறீர்கள், இரண்டில் எது பொய் என்பது முதல் கேள்வி. கணிப்பானே இல்லாத காலத்தில் 641-ஐ எப்படிப் பிடித்தார்கள் என்பது இரண்டாவது. இது தவிர இந்த எண்ணுக்கு வேறு ஏதாவது விசேஷம் உண்டா என்பது மூன்றாவது. எண் கோட்பாடு சொல்லிக்கொடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் சந்தேகத்துக்கே இடமில்லாதது. இது பகு எண். 4294967297 = 641 × 6700417. என்னை நம்ப வேண்டாம், பெரிய வகுத்தலும் வேண்டாம், இரண்டு வரியில் நீங்களே பார்த்துவிடலாம். 2⁸ என்பது 256. அதன் வர்க்கம் 65536, அதுதான் 2¹⁶. அதில் 641 × 102 = 65382-ஐக் கழித்தால் மீதி 154. 154-ன் வர்க்கம் 23716, அதில் 641 × 36 = 23076-ஐக் கழித்தால் மீதி 640. ஆக 2³²-ஐ 641 ஆல் வகுத்தால் மீதி 640. கூட ஒன்றைச் சேர்த்தால் 641, அதாவது மீதி பூஜ்யம். முடிந்தது.

இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. அதில் வகுத்தலே கிடையாது. 641 என்ற எண்ணை இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். முதலாவது சொல்வது, 641 ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் உலகத்தில் 5 × 2⁷ என்பதும் −1 என்பதும் ஒன்றே. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாவது சொல்வது, 5⁴ என்பது −2⁴. அதைக் கொண்டுபோய் வைத்தால் −2³² என்பது 1, அதாவது 2³² + 1 என்பது 0. மாணவர்கள் இதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷப்படுவார்கள், அடுத்த நிமிஷம் ‘641-ஐ முதலில் எப்படி நினைத்தார்கள்?’ என்று கேட்பார்கள். சரியான கேள்வி. இந்த நிரூபணம் விடை தெரிந்தவன் போடும் கணக்கு, தேடுகிறவனுக்கு இது உதவாது.

சரி, அப்படியானால் உங்கள் நிரல் ஏன் ஏமாந்தது? நிரலில் பிழை இல்லை. ஃபெர்மாவின் சிறு தேற்றம் சொல்வது இது: ஒற்றையான ஒரு பகா எண்ணை எடுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1. பகா எண் என்றால் தேறும், அவ்வளவுதான். தேறியதெல்லாம் பகா எண் என்று தேற்றம் எங்கும் சொல்லவில்லை. 341 = 11 × 31 இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பது பலருக்கும் தெரிந்த உதாரணம். நம் எண்ணின் விஷயத்தில் தேறுவது தற்செயல்கூட இல்லை. 2³² + 1 ஆல் வகுக்கும்போது 2³²-ன் இடத்தில் −1 வந்து உட்காரும், ஆகவே 2⁶⁴ என்பது 1. சோதனை கேட்கும் அடுக்கு 4294967296, அது 64-ன் மடங்கு. 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1. எண்ணின் அமைப்பே விடையை முன்கூட்டி எழுதிவைத்துவிட்டது. 3 = 2¹ + 1, 5 = 2² + 1, 17 = 2⁴ + 1 என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் வருவது ஒரு குடும்பம், நம் எண்ணும் அதில் ஒன்று. பகாவோ பகுவோ, இந்தக் குடும்பத்து எண்கள் அத்தனையும் 2-ஐ வைத்துச் சோதித்தால் தேறியே தீரும். 2-லிருந்து கட்டிய எண்ணை 2-ஐக் கொண்டே விசாரிப்பது, திருடனின் கூட்டாளியைச் சாட்சிக்கு அழைப்பது மாதிரி.

சாட்சியை மாற்றுங்கள், 3-ஐக் கூப்பிடுங்கள். 1877-ல் பெப்பின் என்ற பிரெஞ்சுக் கணிதர் இந்தக் குடும்பத்துக்கென்றே ஒரு சோதனை கொடுத்தார். நம் எண்ணுக்கு அது இப்படி வரும்: 3-ல் தொடங்கி 31 முறை வர்க்கப்படுத்து, ஒவ்வொரு முறையும் 4294967297 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். கடைசியில் 4294967296 வந்தால் பகா எண், வேறு எது வந்தாலும் பகு எண். வருவது 10324303. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 3029026160. பகா எண்ணாக இருந்தால் அந்த இடத்தில் 1 வந்திருக்க வேண்டும். இந்தச் சோதனையின் தீர்ப்பு இரண்டு பக்கமும் உறுதியானது. ஆனால் பகு எண் என்று சொல்லுமே தவிர, காரணி என்ன என்று ஒரு வார்த்தை சொல்லாது. இந்த வித்தியாசம் கடைசியில் மறுபடி வரும்.

இனி இரண்டாவது கேள்வி. 1640-ல் ஃபெர்மா, ஃப்ரெனிகல் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று போகும் வரிசை முழுவதும் பகா எண்களே என்று தாம் ஏறத்தாழ நம்புவதாகச் சொன்னார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 2-ன் அடுக்கே 2-ன் அடுக்காக இருந்து, கூட 1 சேர்ந்த எண்கள் இவை. முதல் ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவதாக நிற்பதுதான் நீங்கள் கேட்ட எண். சுமார் 90 ஆண்டுகள் யாரும் இதை அசைக்கவில்லை. 1729-ல் கோல்ட்பாக் என்ற கணிதர் இந்த ஊகத்தைப் பற்றி, அப்போது இளைஞரான கணிதர் ஆய்லரிடம் கடிதத்தில் கேட்டார். 1732-ல் ஆய்லர் 641 என்று விடை சொன்னார்.

அவர் பிற்பாடு விளக்கிய வழி இது. நம் எண்ணை வகுக்கும் ஒரு பகா எண் இருக்கிறது என்று வையுங்கள். அதனால் வகுக்கும்போது 2³² என்பது −1, 2⁶⁴ என்பது 1. அப்படியானால் 2-ன் அடுக்குகள் 1-க்குத் திரும்பிவர எடுக்கும் மிகக் குறைந்த படிகள் சரியாக 64. அது 64-ன் வகுத்தியாக இருந்தாக வேண்டும், ஆனால் 32-லோ அதற்கு முன்போ திரும்ப முடியாது. சிறு தேற்றப்படி அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்த அடுக்கிலும் 1 வருகிறது. ஆகவே, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 64-ன் மடங்கு. அதாவது காரணி 64-ன் மடங்குக்கு ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும். பகு எண்களைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. மேலே சொன்ன இரண்டு வரிக் கணக்கைப் போட்டால் 2³²-ன் மீதி 193-க்கு 108, 257-க்கு 1, 449-க்கு 324, 577-க்கு 287. எதுவும் −1 இல்லை. ஐந்தாவது முயற்சியில் 641 மாட்டிக்கொள்கிறது.

1878-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் இந்த வலையை இன்னும் இறுக்கினார். 64-ன் மடங்குக்கு ஒன்று கூடுதலான பகா எண்ணால் வகுக்கும்போது, 2 ஏதோ ஓர் எண்ணின் வர்க்கத்தின் மீதியாக அமையும். வர்க்கமூலமான அந்த எண்ணின் அடுக்குகள் 1-க்குத் திரும்ப 128 படிகள் எடுக்கும், ஆகவே காரணி 128-ன் மடங்குக்கு ஒன்று கூடுதல். இப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டும். 257 இதே குடும்பத்து மூத்த உறுப்பினர். இந்தக் குடும்பத்தில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பது எளிதில் நிறுவக்கூடியது, ஆகவே அதையும் சோதிக்க வேண்டியதில்லை. முதல் முயற்சியே 641! வர்க்கமூலம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தேடுகிறவனுக்கு 65536-க்குக் கீழே 6542 பகா எண்கள் காத்திருக்கின்றன. எண்ணின் அமைப்பைக் கேட்டுத் தேடுகிறவனுக்கு ஒன்றே ஒன்று. வகுப்பில் இந்த இடத்தில் நான் சற்று நிறுத்துவது வழக்கம்.

இங்கே நிச்சயமாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 1732-ல் வெளியிட்டபோது 641-ஐ எப்படிக் கண்டார் என்பதை ஆய்லர் விளக்கவில்லை. 64-ன் மடங்கு என்ற வாதம் பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய கட்டுரையில்தான் வருகிறது. அதே வழியில்தான் முதலிலும் கண்டார் என்று எல்லோரும் சொல்கிறோம், அது நியாயமான ஊகம், அவ்வளவே. சும்மா வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தாலும் ஒன்றும் மலையைப் பிளக்கும் வேலை இல்லை, 641 என்பது 116-வது பகா எண்தான். ஃபெர்மா ஏன் தவறவிட்டார் என்பது அதைவிடப் பெரிய புதிர். ஏனென்றால் அவருக்கு இந்த மாதிரி வாதம் கைவந்த கலை. அதே 1640-ல் 2³⁷ − 1 என்ற எண்ணின் காரணி 74-ன் மடங்குக்கு ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்று கண்டு, 223-ஐப் பிடித்தவர் அவர். அதே கருவியை இங்கே போட்டுப் பார்த்து, 641-ஐ வகுக்கும்போது கூட்டல் கழித்தலில் எங்கோ வழுக்கியிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அவருடைய கணக்குத்தாள் எதுவும் நம் முன்னால் இல்லை. இன்னொரு கதையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன் 1812 வாக்கில் லண்டனில் இந்த எண்ணின் காரணிகளை மனக்கணக்காகவே சொன்னதாகச் சொல்வார்கள். அவன் மனக்கணக்கில் பெயர் பெற்றவன் என்பது உண்மை. இந்த நிகழ்வை அந்தக் காலத்துப் பதிவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

641 கிடைத்துவிட்டது, மறுபாதியான 6700417 பகா எண்தானா? இதைப் பலர் கேட்பதே இல்லை. இதற்கும் அதே வலை உதவுகிறது. இதன் வர்க்கமூலம் 2589-க்குச் சற்றுக் குறைவு. இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் மூல எண்ணையும் வகுக்கும், ஆகவே அதுவும் 128-ன் மடங்குக்கு ஒன்று கூடுதல். அந்த எல்லைக்குள் அப்படிப்பட்ட எண்கள் இருபது. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257-ஐ ஏற்கெனவே தள்ளிவிட்டோம். மற்ற நான்கால் வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622. ஆகவே 6700417 பகா எண். நான்கே வகுத்தல், அரைப் பக்கத் தாள். 67 லட்சத்தைத் தாண்டிய ஓர் எண் பகா என்பதைக் கையாலேயே முழுசாக நிறுவிவிட்டீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விசேஷம் என்று பலர் அனுப்பும் பட்டியல்களில் இலக்கங்களின் கூட்டுத்தொகை 59 என்பது போன்றவை இருக்கும். அவை பத்தின் அடிமானத்தில் எழுதும் நம் பழக்கத்தைப் பற்றியவை, எண்ணைப் பற்றி அதிகம் சொல்லாது. எனக்குப் பிடித்த விசேஷம் வர்க்கங்களில் இருக்கிறது. நம் எண் 65536² + 1² என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். அதையே 62264² + 20449² என்றும் எழுதலாம். இந்த 20449 தானும் ஒரு வர்க்கம், 143-ன் வர்க்கம். ஓர் ஒற்றை எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு வெவ்வேறு விதத்தில் எழுத முடிந்தால் அது பகா எண்ணாக இருக்க முடியாது. இதையும் ஆய்லர் நன்றாகப் பயன்படுத்தினார். அதிலிருந்தே காரணியையும் உருவலாம். 65536-லிருந்து 62264-ஐக் கழித்தால் 3272, 20449-லிருந்து 1-ஐக் கழித்தால் 20448, இவ்விரண்டின் மீப்பெரு பொது வகுத்தி 8. கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 127800-உம் 20450-உம், அவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 50. இரண்டையும் பாதியாக்கினால் 4-உம் 25-உம். 4² + 25² = 641. நேர்மையாகச் சொன்னால், 62264-ஐயும் 20449-ஐயும் நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. 641 = 25² + 4², 6700417 = 2556² + 409² என்ற இரண்டையும் பெருக்கிப் பின்பக்கமாக வந்தேன். காரணி தெரியாமல் இந்த ஜோடியைத் தேடுவது, வகுத்துப் பார்ப்பதைவிடச் சிரமம்.

இன்னொன்று வடிவியலில். அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று 1796-ல் காஸ் என்ற ஜெர்மன் கணிதர் கண்டார். ஒற்றை எண்ணிக்கைப் பக்கங்கள் கொண்டவற்றில், இந்தக் குடும்பத்துப் பகா எண்களை ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஒருமுறை வருமாறு பெருக்கிக் கிடைக்கும் எண்களுக்கு மட்டுமே அது முடியும். வேறெதற்கும் முடியாது என்ற பாதியை 1837-ல் வான்ட்ஸெல் நிறுவினார். ஐந்து பகா எண்கள் தெரியும் என்பதால் அப்படிப்பட்ட 31 பலகோணங்கள் தெரியும். அவற்றில் பெரியது 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295 பக்கங்கள் கொண்டது. நம் எண்ணைவிட இரண்டே குறைவு! ஒவ்வோர் எண்ணும் தனக்கு மேலே உள்ள இரண்டின் கூட்டலாக வரும் பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றை எண்ணுக்கு 1, இரட்டைக்கு 0 என்று போட்டு, ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255 என்று வரும். முதல் 32 வரிசைகளில் தொடக்கத்து 1 நீங்கலாக மற்ற 31-உம் அந்த 31 பலகோணங்களேதான். 33-வது வரிசையில் நிற்பது 4294967297. அங்கே அந்த அழகு உடைந்துபோகிறது. இது மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால் பலகோணங்கள் 63 ஆகியிருக்கும்.

குடும்பத்தின் மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. இந்த எண்ணுக்குப் பிறகு வந்தவற்றில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. 3-ஐப் பூஜ்யமாவது இடத்தில் வைத்தால் நம்முடையது 5-வது. 5 முதல் 32 வரை அத்தனையும் பகு எண்கள் என்பது உறுதி. ஆனால் முழுமையாகக் காரணிப்படுத்தியது 11-வது வரைக்கும்தான். 20-வதும் 24-வதும் பகு எண்கள் என்று பெப்பின் சோதனை சொல்லிவிட்டது, ஆனால் அவற்றின் ஒரு காரணிகூட யார் கையிலும் இல்லை. மேலே சொன்ன வித்தியாசம் இதுதான். 33-வது பகாவா பகுவா என்பதே தெரியாது. சுமார் 258 கோடி இலக்கங்கள் கொண்ட எண் அது. இனி ஒன்றும் கிடைக்காது என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான். எண்கள் வளரும் வேகத்துக்குப் பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு அவ்வளவு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. ஆனால் அது நிகழ்தகவை வைத்துச் சொல்லும் பேச்சு, நிரூபணம் இல்லை. சொல்லப்போனால் இந்த வரிசையில் பகு எண்கள் முடிவில்லாமல் வரும் என்பதைக்கூட யாரும் நிறுவியதில்லை.

கடைசியாக உங்கள் நிரலைப் பற்றி. ‘பகா எண்’ என்று விடை வந்திருப்பதால் பைத்தான் மாதிரி எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் மொழியில் எழுதியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இதையே சி மொழியில், குறியில்லாத 32 பிட் மாறியில் இந்த எண்ணைப் போட்டிருந்தால் உள்ளே போவது 1 மட்டும்தான். அந்த இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. குறியில்லாத 64 பிட்டில் எழுதியிருந்தால் இன்னும் வேடிக்கை: வர்க்கப்படுத்திக்கொண்டே போகும்போது மீதி ஒரு கட்டத்தில் 2³² ஆகும், அதன் வர்க்கம் 2⁶⁴, 64 பிட்டில் அடங்கும் எல்லையைவிடச் சரியாக ஒன்று அதிகம். அது வழிந்து பூஜ்யமாகி, பிறகு பூஜ்யமாகவே நின்று, நிரல் ‘பகு எண்’ என்று அறிவிக்கும். விடை சரி, காரணம் முழுத் தப்பு. ஆகவே மொழியை மாற்றாதீர்கள், 2 இருக்கும் இடத்தில் 3-ஐப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.